ஒருவாட்டி சொல்லுங்க டீச்சர்

எங்கள் வகுப்பில் யாரும் வரிசையாக உட்கார மாட்டார்கள். பாடம் எடுக்கப் போன முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போனது. கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில், இரண்டே அறை உள்ள தொடக்கப் பள்ளி. ஒன்றாவதிலிருந்து நாலாவது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் பாயில் இருப்பார்கள். ஐந்தாவது மட்டும் பக்கத்து அறையில், ஹெச்.எம். கொளஞ்சியப்பன் சாரோடு.

மணி அடித்ததும் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து சுவரில் மாட்டியிருக்கும் ஏணிப் படத்துக்குப் போவார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னப் படம் இருக்கும். அணில், குடை, ஆமை, மாட்டு வண்டி. நேற்று எந்தப் படியில் விட்டோம் என்று பார்த்து, அதே படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அவரவர் வட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அட்டையை முடித்த பிள்ளை, அடுத்து அந்த அட்டைக்கு வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். தலைக்கு மேலே கம்பி கட்டி, அவர்கள் வரைந்த படங்களைத் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டிருப்போம். சுவரைச் சுற்றி அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம்.

நான் சிதம்பரத்தில் படித்தபோது கையைக் கட்டி வாயில் விரல் வைத்து உட்கார வைப்பார்கள். எனக்கு உட்காரவே வராது, அதற்காகவே தினமும் அடி வாங்கியவள் நான். அதனால் இந்த அறையைப் பார்த்ததும், அடடா, நமக்கு இது கிடைக்காமல் போய்விட்டதே என்று பொறாமையாகவே இருந்தது. வடலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள், 2010 ஜனவரியில் மாறுதலாகி இங்கே வந்தேன். அட்டை முறையைப் பயிற்சியில் பார்த்ததுதான், வகுப்பில் நடத்தியதில்லை. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ். வீட்டில் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் அட்டை அட்டையாக விளக்குவேன். "அட்ட அட்டன்னு ரத்தத்த குடிக்காதடி, சாப்புடு" என்பாள் அம்மா.

அந்த வகுப்பில் ஏணியில் வேகமாக ஏறியவள் சிந்துஜா. நாலாவது. ஒல்லியாக, காதில் வேப்பங்குச்சியோடு இருப்பாள். மற்ற பிள்ளைகள் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உருட்டினால், அவள் அரை நாளில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவாள். விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, கொக்கு பேசினால் கொக்கு மாதிரி, ஆமை பேசினால் ஆமை மாதிரி படிப்பாள். சின்னப் பிள்ளைகள் அவளைச் சுற்றித்தான் உட்காரும். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் நாங்கள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம் அவள் அம்மா அமராவதி வந்தாள். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் அடுக்குகிற வேலை. உடம்பில் மீன் வாடை அடிக்கிறது என்று உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றாள்.

"டீச்சர், எம்பொண்ணு எப்புடி?"

"உங்க பொண்ணாக்கா? ஏணியில ஏறி, ஓட்ட பிரிச்சிக்கிட்டு மேல போயிட்டா."

"இன்னாது?"

"நாலாவது பாடம் மொத்தமும் முடிக்கப் போறாக்கா. இன்னும் மார்ச்சே வரல."

அவள் சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டைப் பிடித்தபடி சொன்னாள்.

"சிதம்பரத்துல சிஸ்டருங்க ஆஸ்டல் ஒண்ணு வெச்சிருக்காங்களாம். அஞ்சாவதுலேர்ந்து பொண்ணுங்கள சேத்துக்குறாங்களாம். இந்த வருஷம் ஒரே எடந்தான் காலின்னு சர்ச்சுல, உங்ககிட்ட படிக்கிறானே லூயிஸு, அவுங்க அம்மா சொன்னிச்சி. மே மாசம் போவணுமாம். புக்க குடுத்து படிக்க சொல்வாங்களாம். படிச்சா எடம்."

"படிச்சாலா? அப்ப எடம் சிந்துவுக்குத்தான். போய் பொட்டி வாங்கி வைங்க."

"வெளையாட்டு இல்ல டீச்சர். எனக்கு குஜராத்து பக்கம் மீன் கம்பெனில வேல வந்துருக்கு. போனா எட்டு மாசம் அங்கியேதான். அவுங்கப்பா கேரளாவுக்கு போட்டுல போனவரு, அங்கியே குடும்பமும் வெச்சிக்கினாரு. இவள உட்டுட்டுப் போவ எனக்கு ஆளு இல்ல. ஆஸ்டல் கெடச்சா உட்டுட்டு நிம்மதியா போவேன். இல்லன்னா கூடவே இட்டுக்கினு போயி எறா உரிக்க வெக்கிறதுதான். சின்னப் புள்ளைங்க வெரலு நல்லா ஓடுமாம். ஏஜென்ட்டு இப்பவே கேக்குறான், பொண்ணு வருதான்னு."

"வராதுன்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். எனக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் இல்லை. ஓடிப்போய் உள்ளே இருந்த சிந்துஜாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். எதற்கென்று தெரியாமலேயே அவளும் சிரித்தாள்.

மார்ச்சில் புது அட்டைகள் வந்தன. எப்போதும் ஜூனில்தான் வரும் என்றார் சார். இந்தத் தடவை என்னவோ முன்னாடியே வந்து இறங்கிவிட்டன. பழைய அட்டைகளைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நாலு வருஷமாக எத்தனையோ கை பட்டு, மூலை மடங்கி, சாம்பார் கொட்டி, சிலது எலி கடித்து, சிலது மழையில் ஊறிக் காய்ந்து அப்பளம்போல நெளிந்து கிடந்தன. நானே உட்கார்ந்து அவற்றையெல்லாம் கட்டுக்கட்டி சார் அறையில் பீரோவுக்கு மேலே போட்டேன். புதுசைத் தட்டுகளில் அடுக்கினேன். பளபளவென்று, புது பிளாஸ்டிக் வாசனையோடு.

மறுநாள் மணி அடித்ததும் பிள்ளைகள் ஏணிக்குப் போனார்கள். தட்டுக்கு வந்தார்கள். நின்றுவிட்டார்கள்.

"டீச்சர், எல்லாமே ஒரே மாதிரி கீது" என்றான் லூயிஸ். மூன்றாவது படிக்கிறவன்.

"ஒரே மாதிரியா? படத்தப் பாருடா."

"படம் கீது. ஆனா என்னுது எலி கடிச்ச ஆமை டீச்சர். இதுல எலி கடிக்கலியே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். "வா, நீயே கடிச்சி வெச்சிரு" என்றேன். புது அட்டையை நல்லபடியாக ஆரம்பிக்கலாம் என்று சிந்துஜாவைக் கூப்பிட்டு ஆமை அட்டையைக் கையில் கொடுத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னேன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு விரலை வைத்தாள். "ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆமை மெல்லக் கரை ஏறியது. கொக்கு சிரித்தது. ஏன் சிரிக்கிறாய் என்று ஆமை கேட்டது…"

அருமையாகப் படித்தாள். ஆனால் அட்டையில் ஆறும் இல்லை, கொக்கும் இல்லை. மூலையில் மட்டும் அதே ஆமைப் படம். பாடத்தை மாற்றியிருந்தார்கள். மழை நாளில் தபால் கொண்டுவருகிற ஒருவரைப் பற்றி எட்டு வரி.

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். "ஏய், கார்டப் பாத்துப் படிடி."

அவள் அட்டையைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோய், விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அழுத்தி, மெதுவாக மறுபடி சொன்னாள். "ஆற்றில். தண்ணீர். வந்தது." விரல் 'தபால்காரர்' மேல் இருந்தது.

தட்டிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தேன். பழைய கட்டுகளில் இல்லாத, புதுசாகச் சேர்த்திருந்த படம், ஒரு தையல் மெஷின். அதை அவளிடம் நீட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் பயமோ கூச்சமோ எதுவும் இல்லை.

"நீங்க ஒருவாட்டி சொல்லுங்க டீச்சர். நான் படிச்சிடுறேன்."

படித்துக் காட்டினேன். ஒரே தடவைதான். அவள் அட்டையை வாங்கி, விரலை ஓட்டி, ஒரு சொல் விடாமல், நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, முழுசையும் சொன்னாள். சொல்லிவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

"இது புது கார்டாச்சே. உங்களுக்கு யாரு டீச்சர் சொன்னாங்க?"

அவள் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப நேரம் பிடிபடவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும், கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், அட்டையைப் பார்த்தால் அது எந்த அட்டை என்று கண்டுபிடித்து, விரலை ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், டீச்சரும்தான், டீச்சருக்கு அவங்க டீச்சர் சொல்லியிருப்பாங்க. நாலு வருஷமாக அந்த வட்டத்தில் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு அட்டைகள் போய்க்கொண்டிருந்தன. எலி கடித்தது ஆமை, சாம்பார் கொட்டியது குடை, நெளிந்தது மாட்டு வண்டி.

அன்றைக்கே மூன்றாவது, நாலாவது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கரும்பலகையில் ஒரு சொல் எழுதிக் காட்டினேன். ஒன்றிரண்டு பேர் எழுத்துக் கூட்டினார்கள். மற்றவர்கள் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்கள்.

பக்கத்து அறையில் கொளஞ்சியப்பன் சார் சத்துணவு முட்டைகளைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் படபடவென்று கொட்டினேன். அவர் தலையே நிமிரவில்லை.

"இப்பத்தான் தெரிஞ்சுதாம்மா?"

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு அஞ்சாவதுக்கு வர்றதெல்லாம் அப்புடித்தாம்மா வருது. நான் ஆனா ஆவன்னாவுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். வருசம் முடியிறதுக்குள்ள பாதி தேறும். பாதி தேறாது. அதுங்க மீன் புடிக்க போட்டுக்குப் போயிடும்." ஒரு முட்டை மிதந்தது. எடுத்துத் தனியாக வைத்தார். "அறுவது புள்ளைங்க, நாலு கிளாஸு, ஒரு டீச்சரு. எவன் எந்தப் படியில நிக்கிறான்னு பாக்குறதுக்கே பொழுது போயிடும். அவன் நெசமா ஏறுனானான்னு எங்க பாக்குறது? ஒனக்கு முன்னாடி இருந்த டீச்சரும் நல்லவங்கதான்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியா சார்?"

"சொல்லாம என்ன? மீட்டிங்கில எந்திரிச்சு சொன்னேன். சார், அட்டையெல்லாம் பழசாப்போயி பசங்க அழுக்க வெச்சே அடையாளம் கண்டுபுடிக்கிறானுவ, ஏதாவது பண்ணுங்கன்னு." முட்டைக் கூடையை நகர்த்திவிட்டு முதன்முறையாக என்னைப் பார்த்தார். "புது அட்டை குடுத்துட்டாங்கல்ல."

அமராவதியிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் முதுநகருக்கே போனேன். துறைமுகத்துக்கு வெளியே டீக்கடைப் பக்கம் அவளைப் பிடித்தேன்.

"அக்கா, சிந்துவுக்கு இன்னும் சரியா படிக்க வரல."

"யாருக்கு? எம்பொண்ணுக்கா?" கோபமில்லை, வேறு யாருடைய பெண்ணையோ பற்றி நான் குழப்பிக்கொண்டதாக நினைத்தாள். "நேத்து ராத்திரி கூட கொக்கு கத படிச்சாளே. கண்ண மூடிக்கினு கேட்டுக்கினே இருந்தேன். தண்ணி மாதிரி போவுது டீச்சர்."

"அது மனப்பாடம்க்கா. காதால கேட்டு சொல்றா. எழுத்து தெரியல."

"எழுத்து தெரியாம எப்புடி படிப்பா?"

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் அமராவதி. தண்ணீர் மாதிரி ஓடினால் படிப்பு, தடுக்கினால் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் அவளுக்கு. நான் திரும்பத் திரும்ப விளக்க, அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நீங்க சின்ன பொண்ணு, ரொம்ப கவலப்படுறீங்க. இன்னும் ரெண்டு மாசம் கீதே, சொல்லிக் குடுங்க" என்று எனக்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

சொல்லிக்கொடுத்தேன். மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். லீவு விட்ட பிறகும் மே வெயிலில் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அட்டை எதையும் தொடவில்லை. கீழ்க் கரும்பலகையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். க. ட. ப. முதல் வாரம் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு எழுத்தை எழுதி இது என்ன என்றால், "முழுசா சொல்லுங்க டீச்சர்" என்பாள். இரண்டாவது வாரம் அழுதாள். ஏணியின் உச்சியில் இருந்தவளை இறக்கி, ஒன்றாவது பிள்ளை உட்கார்கிற இடத்தில் உட்கார வைத்தால் அழாமல் என்ன செய்வாள்? லூயிஸ் வந்து எட்டிப் பார்த்து, "ஐய, ஆனா ஆவன்னா படிக்கிறா" என்று கத்திவிட்டு ஓடினான். அதன் பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். உள்ளே கொதித்தது.

ஏப்ரல் நடுவில் எழுத்துகள் பிடிபட ஆரம்பித்தன. கால், கொம்பு, சுழி எல்லாம் சேர்ந்து வந்தால் தடுமாறுவாள். ஆனாலும் ஒன்றோடு ஒன்றை ஒட்டினாள். "ப… ட… கு." நான் வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன். அவள் என் உதட்டைப் பார்க்கக் கூடாது அல்லவா. முதுகுக்குப் பின்னால் "படகு" என்று ஒரு சின்னக் குரல் கேட்கும்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. "இது திக்குற மாதிரி கீது டீச்சர். அசிங்கமா கீது" என்பாள்.

"இப்ப அப்புடித்தான் இருக்கும். திக்கித் திக்கித்தான் ஓடும்."

"அம்மா முன்னாடி இப்புடி படிச்சா சிரிக்கும்."

வீட்டில் அவள் இன்னமும் கொக்குக் கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்டலுக்கு வரச் சொன்ன சனிக்கிழமை காலை நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். இருவரும் கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். சிந்துஜாவின் யூனிஃபார்மைத் துவைத்து, சொம்பில் தணல் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிந்தது, ஒரு முழம் கனகாம்பரம் வேறு. அமராவதி நல்ல சேலை கட்டி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்ததாகச் சொன்னாள். "இன்னும் வாடை அடிக்குதா டீச்சர்? சொல்லுங்க, வெக்கப்படாதீங்க." அடிக்கவில்லை என்றேன்.

ஆஸ்டல் வராந்தா பெஞ்சில் எங்களுக்கு முன்பே அம்மாக்களும் பெண்களுமாக நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் எண்ணெய்த் தலை. ஒரே ஒரு இடம்.

எங்கள் முறை வந்தது. சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, களைப்பான முகம். நல்லவிதமாகத்தான் பேசினார். சிந்துஜாவின் பெயர் கேட்டார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அமராவதி உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தாள். சிஸ்டர் ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"இங்கேருந்து கொஞ்சம் படிம்மா. மெதுவா படி, ஒண்ணும் அவசரமில்ல."

சிந்துஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் விரல் தாளில் உரசுவது கேட்டது. பிறகு ஆரம்பித்தாள்.

"ஒ… ரு. ஒரு. ஊ… ரி… ல். ஊரில். ஒரு. த… தை…"

நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை விரல்களை ஒன்றோடு ஒன்று பின்னி நெரித்துக்கொண்டிருந்தேன்.

"தை… ய… ல். தையல்." குரல் எழும்பியது. "தையல்! டீச்சர், தையல்! தையக்காரரு!"

அந்த முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமல் ஒரு சொல் அவளுக்குக் கிடைத்துவிட்டது. தாளிலிருந்து நேராக. அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு புத்தகத்தில், தான் ஏற்கெனவே அறியாத ஒன்றைப் படித்துவிட்டாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அமராவதி பதறிப்போய்விட்டாள். இத்தனை நாள் தண்ணீராக ஓடிய பெண், ஊர் பேர் தெரியாத சிஸ்டர் முன்னால் திக்குவாயாக நிற்கிறாள். பயந்துவிட்டது பிள்ளை என்று நினைத்தாள். பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தி, தணிந்த குரலில் சொன்னாள்.

"இன்னாடி இது, இப்புடி திக்குற? பயப்படாத. வூட்ல படிப்பியே, அத மாதிரி படி."

"அக்கா, விடுங்க, அவ நல்லாத்தான்…" என்றேன்.

"இல்ல டீச்சர், நல்லா படிப்பா இவ. சிஸ்டர், நல்லா படிப்பா சிஸ்டர், இன்னிக்கித்தான் இப்புடி. படிடி கண்ணு. கடகடன்னு படி."

சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. விரல் வரியின் அடியில் ஓட ஆரம்பித்தது.

"ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆமை மெல்லக் கரை ஏறியது. கொக்கு சிரித்தது. ஏன் சிரிக்கிறாய் என்று ஆமை கேட்டது…"

ஏற்ற இறக்கத்தோடு, கொக்குக்குக் கொக்குக் குரல், ஆமைக்கு ஆமைக் குரல். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அமராவதியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. முடிந்ததும் சிஸ்டரை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

சிஸ்டர் புத்தகத்தை மெதுவாக வாங்கி மூடினார்.

"நல்ல ஞாபக சக்திம்மா உனக்கு" என்றார் சிந்துஜாவிடம். "போய் வெளிய மணி கட்டியிருக்கிற எடத்துல தண்ணி இருக்கு, குடிச்சிட்டு வா."

அவள் போனதும் நான் பொறுக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "சிஸ்டர், மொதல்ல படிச்சாளே, அது நெஜம். அத அவளேதான் படிச்சா. ரெண்டு மாசத்துல வந்துருக்கு சிஸ்டர். ஆறு மாசம் குடுத்தா எல்லாமே படிப்பா."

"கேட்டேன் டீச்சர். அந்தத் தையல்காரர் வரைக்கும் அவளேதான் படிச்சா. எனக்குத் தெரியாதா?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அஞ்சாவது பாடப் புத்தகத்த அவ ஜூன்லயே படிச்சாகணும். இங்க ராத்திரி ஒக்காந்து எழுத்து சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. ரெண்டு சிஸ்டர், எம்பது புள்ளைங்க. வெளிய இருக்கறதுல ஒரு புள்ள தானா படிக்கும். அந்தப் புள்ளைக்கும் அப்பா இல்ல. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

நான் மேசையிலிருந்து கையை எடுத்தேன்.

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் அமராவதியிடம்.

அமராவதிக்குப் புரியவே நேரமாயிற்று. வராந்தாவைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து, வடக்கு வீதி வெயிலில் பாதி தூரம் நடந்த பிறகுதான் நின்றாள்.

"நல்லாத்தான படிச்சா டீச்சர்?"

"அவ படிச்சது அந்தப் புக்குல இல்லக்கா."

"பின்ன எங்க கீது?"

"அவ மனசுல இருக்கு. புக்குல வேற இருந்துச்சு. மொதல்ல திக்கித் திக்கி படிச்சா பாருங்க, அதுதான் புக்குல இருந்தது."

அவள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே இறங்குவது தெரிந்தது. முழுசாக இறங்கியபோது அவள் அழவில்லை.

"நானா கெடுத்தேன்?"

"இல்லக்கா."

"எனக்கு எழுத்து தெரியாது. எது படிப்பு, எது படிப்பில்லன்னு எனக்கு எப்புடி தெரியும்? நாலு வருஷமா பள்ளிக்கோடத்துல கீறா. உங்க யாருக்குமாடி தெரியல?"

'டி' போட்டுவிட்டதை அவள் கவனிக்கவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

சிந்துஜா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, கனகாம்பரத்தை ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுல எது சரி டீச்சர்? மொதல்ல படிச்சதா?"

"ஆமா."

"அது நல்லாவே இல்லியே" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் நிற்காது. சிந்துஜா எங்கள் வீட்டில் இருக்கட்டும், எட்டு மாசம்தானே, நான் தினமும் என்னோடு கடலூருக்கே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன் என்றேன்.

"உங்க வூட்ல கேட்டீங்களா?"

அங்கேயே நின்று போன் போட்டேன். அம்மா முழுசாகக் கேட்டாள். "ஏன்டி, உன்னையே இந்த வைகாசிக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சி குடுக்க அலையறோம். நீ ஒரு புள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டு நிக்கிறேங்கிற? மாப்ள வூட்டுக்காரங்க வந்தா யாருன்னு சொல்றது? வெயில்ல நிக்காம வூட்டுக்கு வா" என்று வைத்துவிட்டாள். அமராவதிக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் குரல் அப்படி.

"உடுங்க டீச்சர். உங்க மனசு போதும்" என்றாள்.

கடலூர் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் கீழே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன், யாரும் சாப்பிடவில்லை. அமராவதி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து செல்லை எடுத்து நம்பரைப் போட்டாள். எண்கள் அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, அமராவதி பேசுறேன். தேவனாம்பட்டணம்… ஆமா, குஜராத்து வேல, எனக்கு சொன்னீங்களே. ரெண்டு பேருன்னு போட்டுக்குங்க… பொண்ணுதான்… பத்து வயசு முடிஞ்சிது… சரி, பதினாலுன்னே சொல்றோம்… வேலயெல்லாம் செய்வா, கையி சுறுசுறுப்பு…"

சிந்துஜா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு எதிரே ஒரு மஞ்சள் சுவர். அதில் நகராட்சிக்காரர்கள் சிவப்பு பெயின்டில் ஏதோ பெரிதாக எழுதியிருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, உதட்டைக் குவித்தாள்.

"இ… ங்… கு. இங்கு." எனக்குக் கேட்டது. "சி… று… நீ…"

"சும்மா கெடடி" என்றாள் அமராவதி, போனைக் கையால் மூடிக்கொண்டு. "பேசிக்கினு கீறேன் இல்ல."

சிந்துஜா வாயை மூடிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் பின்பக்கமாக நகர்ந்து, திரும்பி, வெளியே போனது.